எத்தனை பாயிண்ட்? காயத்துக்குச் சாட்சி சொல்லும் ஒரு தாள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் பூன் லே ரயில் நிலையத்தைச் சுற்றிப் பல ஊர்த் தமிழ் காதில் விழும். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, வாரத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக்கொண்டு, ஜூரோங்கிலும் துவாசிலும் இருக்கும் விடுதிகளுக்குப் பேருந்து ஏறக் காத்திருப்பவர்கள் பேசும் தமிழ் அது. அவர்களில் யாராவது கையில் கட்டோடு, பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்களோடு வந்தால், தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை பாயிண்ட் வந்துச்சு?"

பாயிண்ட் என்று அவர்கள் சொல்வது நிரந்தர ஊனத்தின் விழுக்காட்டை. வேலையில் அடிபட்டவரின் உடல் எவ்வளவு குறைந்துபோனது என்று ஒரு மருத்துவர் எழுதித் தரும் எண் அது. ஊரில் வாங்கிய கடன் அடையுமா, தங்கையின் திருமணம் நடக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது. ஆனால் அந்த எண் தானாக வந்து தாளில் உட்காருவதில்லை. விபத்து நடந்த அன்று தொடங்கி மருத்துவர்கள் எழுதிய வாக்கியங்களின் மேல்தான் அது நிற்கிறது. அந்த வாக்கியங்களை யார் எழுதினார்கள், யார் செலவில் எழுதினார்கள், என்ன காரணம் காட்டினார்கள் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

தோட்டம் முதல் கப்பல் பட்டறை வரை

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். 1852 முதல் 1933 வரை வாழ்ந்த சியூ பூன் லே என்ற சீன வணிகர் ஜூரோங் பகுதியில் தோட்டங்கள் வைத்திருந்தார். 1961இல் அந்தப் பகுதியில் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. சதுப்பு நிலம் மண் நிரப்பி மேடாக்கப்பட்டு, ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் எழுந்தன. 1990இல் திறக்கப்பட்ட பூன் லே நிலையம் 2009 வரை தீவின் மேற்குக் கோடி நிலையமாக இருந்தது. ரயில் அங்கே முடிய, வேலைக்குப் போகும் பாதை அங்கிருந்து பேருந்தில் தொடர்ந்தது.

இந்த வட்டாரத்துக்கு விபத்தின் நினைவும் உண்டு. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்ற 'ஸ்பைரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் நடந்த வெடிப்பில் 3 பேர் இறந்தார்கள், 7 பேர் காயமடைந்தார்கள். ஆனாலும் இந்த ஆண்டுகளில் பாதுகாப்பு பெருமளவு முன்னேறியது. 2004இல் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99க்கு இறங்கியது. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மரணத்தை எண்ணுவது எளிது. ஒரு முதுகுவலியை எண்ணுவது எளிதல்ல. பெரிய வெடிப்புக்கு விசாரணைக் குழு அமையும். இரும்புத் தகடு நழுவி விரலில் விழுந்தால், அதற்கு விசாரணைக் குழு, சாட்சி, தீர்ப்பு எல்லாமே அந்த நாள் மருந்தகத்தில் எழுதப்படும் ஒரு தாள்தான்.

ஒரு விழுக்காட்டின் விலை

சிங்கப்பூரின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1975இல் வந்தது. 2008 ஏப்ரலில் அது விரிவாகி வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைப் புதிதாக இயற்றியது. 2020 செப்டம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. இல்லப் பணிப்பெண்களும், சுயதொழில் செய்பவர்களும், ஆயுதப்படை, காவல்துறை போன்ற சீருடைப் பணியினரும் இதில் அடங்கமாட்டார்கள். மற்றபடி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் உழைப்பவர் எந்த நாட்டவர் என்றாலும் இது அவருக்கும் உண்டு.

இந்தச் சட்டத்தின் அடிப்படை பெருந்தன்மையானது. யார்மேல் தவறு என்று கேட்காமல் அது இழப்பீடு தருகிறது. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தாரா, முதலாளி வேலி போடாமல் விட்டாரா என்ற வழக்காடல் இங்கே வேண்டியதில்லை. காயம் வேலையின்போது, வேலையால் ஏற்பட்டது என்றால் போதும். வேலை நேரத்தில் நடந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையால் நடந்ததாகவே கொள்ளப்படும்.

தவறு யாருடையது என்ற கேள்வி விலகியதும் வழக்கின் பாரம் முழுவதும் மருத்துவத்தின் மேல் இறங்குகிறது. காயம் உண்மையா, விபத்தால் வந்ததா, எத்தனை நாள் ஓய்வு வேண்டும், எவ்வளவு ஊனம் எஞ்சும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் மருத்துவரிடம் இருக்கிறது.

நிரந்தர ஊனத்துக்கான கணக்கு மூன்று எண்களின் பெருக்கல்: சராசரி மாத வருமானம், வயதுக்கான காரணி, ஊன விழுக்காடு. வயது ஏற ஏற காரணி குறையும். 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது 181. மாதம் சராசரியாக 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஈட்டிய 32 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு பாயிண்ட் 1,810 வெள்ளி. ஒரு மருத்துவர் 5 விழுக்காடு என்று எழுதினால் 9,050 வெள்ளி. இன்னொருவர் 9 என்று எழுதினால் 16,290 வெள்ளி. வித்தியாசம் 7,240 வெள்ளி, ஏழு மாதத்துக்கும் மேலான உழைப்பு. முழு ஊனத்துக்கான உச்சவரம்பு 2025 நவம்பர் 1 முதல் 346,000 வெள்ளியாகவும், கீழ்வரம்பு 116,000 வெள்ளியாகவும் உயர்ந்தன. மருத்துவச் செலவுக்கான வரம்பு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அல்லது 53,000 வெள்ளி, எது முந்தியோ அது.

வருமானம் சம்பளச் சீட்டில் இருக்கிறது, வயது கடவுச்சீட்டில் இருக்கிறது. மூன்றாவது எண் மட்டுமே ஒருவரின் மதிப்பீட்டில் பிறப்பது.

முதல் நாள் சீட்டு

2020க்கு முன்பு, மூன்று நாளைத் தாண்டிய மருத்துவ விடுப்போ 24 மணி நேர மருத்துவமனைத் தங்கலோ இருந்தால்தான் முதலாளி விபத்தை மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. நல்ல நோக்கத்தில் வைத்த எல்லைக்கோடுதான். ஆனால் எல்லைக்கோடு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நெருக்கடியும் பிறக்கும். இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), அதன்பிறகு 'லைட் டியூட்டி' என்ற இலகுவேலை என்று சீட்டு வந்தால், ஏட்டில் விபத்தே இருக்காது.

அந்த நெருக்கடி நீதிமன்றம் வரை போனது. 2011இல் கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டு நாள் மட்டும் விடுப்பு கொடுத்து, பிறகு இலகுவான வேலை செய்யலாம் என்று சான்றளித்தார் ஒரு தனியார் எலும்பு மருத்துவர். 'ஹோம்' என்ற புலம்பெயர் தொழிலாளர் உதவி அமைப்பு புகார் கொடுத்தது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு நடுவர் மன்றம் மருத்துவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் 2016இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த முடிவை மாற்றி, அவரை ஆறு மாதம் தொழிலிலிருந்து இடைநீக்கியது. ஓய்வும் மறுவாழ்வும் கிடைக்கும் சூழல் நோயாளிக்கு இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் இலகுவேலைச் சான்று கொடுத்தது தவறு என்பது தீர்ப்பின் சாரம்.

இலகுவான வேலை என்று ஒன்று அந்தத் தளத்தில் உண்மையில் உண்டா? இருந்தால் அது என்ன? ஒரு கையால் பெருக்குவதா, கட்டுப் போட்ட கையோடு ஏணி ஏறுவதா? இதைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர்தான். அவருடைய சூழலைக் கேட்டறியாமல் அப்படிச் சான்று எழுதக் கூடாது என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

2020இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அந்த மூன்று நாள் எல்லைக்கோட்டையே எடுத்துவிட்டது. ஒரே ஒரு நாள் விடுப்பு, அல்லது ஒரே ஒரு நாள் இலகுவேலை என்றாலும் இப்போது அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். இலகுவேலை நாட்களுக்கும் முன்பிருந்த சராசரி வருமானத்தின்படி ஊதியம் உண்டு. அந்தச் சராசரியில் ஓவர்டைமும் அடங்கும். அடிப்படைச் சம்பளத்துக்கு ஈடாக ஓவர்டைமையே நம்பி வாழ்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சீட்டைச் சுருக்கி எழுதச் சொல்லும் தூண்டுதல் இதனால் பெருமளவு வலுவிழந்தது. மருத்துவரை மட்டும் கண்டிப்பதைவிட, அவர்மேல் விழும் அழுத்தத்தின் காரணத்தைக் களைவது நல்ல சட்டம் என்பதற்கு இது சான்று.

யார் தேடிய மருத்துவர்?

தனியார் மருத்துவச் சான்று என்றதும் இரண்டு வேறு காட்சிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதல் காட்சியில், மேற்பார்வையாளர் தன் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போகும் 'கம்பெனி டாக்டர்'. இரண்டாவதில், கிடைத்த விழுக்காடு குறைவு என்று நினைக்கும் தொழிலாளி தானே பணம் புரட்டித் தேடிப்போகும் நிபுணர். இருவரும் ஒரே பட்டம் படித்தவர்கள். இருவர் மேலும் சந்தேகம் விழுவது மட்டும் வெவ்வேறு பக்கத்திலிருந்து. முன்னவர் குறைத்து எழுதுவார் என்று தொழிலாளி அஞ்சுகிறார். பின்னவர் கூட்டி எழுதுவார் என்று இழப்பீட்டைத் தரவேண்டிய காப்புறுதி நிறுவனம் கருதுகிறது. ஆளைப் பார்த்து மதிப்பிடும் இந்தப் பழக்கம் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்வதில்லை.

ஊன மதிப்பீட்டுக்குப் பொதுவான ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. மணிக்கட்டு எத்தனை பாகை மடங்குகிறது, பிடியின் வலு என்ன, தொடுவுணர்வு எங்கே குறைந்தது என்பவற்றை அளந்து விழுக்காடாக மாற்றும் முறையை அது சொல்கிறது. ஆகவே ஒரே கையைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு எண்ணுக்கு வந்தால், அளவையில் வேறுபட்டார்களா, காரணத்தில் வேறுபட்டார்களா என்று கண்டுபிடிக்க முடியும். இரு அறிக்கைகளிலும் அளவைகள் எழுதப்பட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். எண் மட்டும் இருக்கும் அறிக்கையை எதனோடும் ஒப்பிட முடியாது.

மதிப்பீட்டை ஏற்காதவர் குறித்த நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். மருத்துவக் கருத்தைப் பற்றிய சர்ச்சை என்றால் மூன்று மூத்த மருத்துவர்கள் கொண்ட மருத்துவ வாரியத்திடம் போகும். வாரியத்தின் முடிவே இறுதி. தனியார் நிபுணரின் அறிக்கையால் செய்யக்கூடியது, முந்தைய அறிக்கை அளக்காமல் விட்டதை அளந்து காட்டுவது, படம் பிடிக்காததைப் பிடித்துக் காட்டுவது, முந்தைய முடிவுக்குக் காரணம் இல்லாத இடத்தில் காரணம் கேட்பது. எண்ணைக் கூட்டிக் கேட்கும் அறிக்கைக்குப் பலன் குறைவு.

இந்தச் சர்ச்சைகளில் மிகவும் கடினமானது முதுகு. கனம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்பார் தொழிலாளி. ஸ்கேனில் முதுகெலும்பு வட்டு தேய்ந்திருப்பது தெரியும். அறிக்கையில் ஒரு சொல் விழும்: தேய்மானம். வயதால், உடலின் இயல்பால் வந்தது என்று பொருள். அந்தச் சொல் சரியாகவும் இருக்கலாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் வட்டுத் தேய்மானம் தெரிவதுண்டு. ஆனால் தேய்ந்த வட்டு விபத்துக்கு முந்திய நாள் வரை அவரை நாற்பது கிலோ தூக்க விட்டதே, மறுநாள் ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல் விடையாகாது.

படைவீரர் வழக்குகள் சொல்லும் பாடம்

இதே சொற்போரை வேறொரு களத்தில் இந்தியப் படைவீரர்கள் நடத்தியிருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நோயோ காயமோ காரணமாகப் படையிலிருந்து அனுப்பப்படும் வீரருக்கு ஊன ஓய்வூதியம் வேண்டுமானால், ஊனம் 20 விழுக்காடாவது இருக்கவேண்டும், அது படைப்பணியால் வந்ததாகவோ முற்றியதாகவோ இருக்கவேண்டும். இதைச் சொல்வது படையின் மருத்துவ வாரியம். வீரர் வெளியில் தேடிய மருத்துவரின் கருத்தைவிட வாரியத்தின் கருத்துக்கு நீதிமன்றங்கள் முதன்மை கொடுத்துவந்தன.

தரம்வீர் சிங் 1985இல் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்தவர். ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டார். வாரியம் 20 விழுக்காடு ஊனம் என்று ஒப்புக்கொண்டு, நோய் உடலமைப்பைச் சார்ந்தது, பணியோடு தொடர்பற்றது என்று எழுதியது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. படையில் சேரும்போது அரசே பரிசோதித்துத்தான் சேர்த்தது. அப்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகக் கொள்ளவேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் காரணத்தோடு நிறுவவேண்டும் என்றது நீதிமன்றம். 1982இன் விதிகளிலேயே இருந்த கொள்கை அது.

அந்தத் தீர்ப்பை எந்திரம்போல எல்லா வழக்குக்கும் பொருத்தவும் நீதிமன்றம் இடம் தரவில்லை. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், சேரும்போது செய்யும் பரிசோதனையில் தெரியவராத மனநோய்க்கு இந்த அனுமானம் தானாக வந்துவிடாது என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரே கேள்விதான் எஞ்சுகிறது: காரணம் எழுதப்பட்டிருக்கிறதா?

அமெரிக்காவும் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. முன்னாள் படைவீரர்கள் தனியார் மருத்துவரின் அறிக்கையைக் கொடுத்தால், அது போதுமானதாக இருந்தால், மறுபடி அரசுப் பரிசோதனை இல்லாமலே ஏற்றுக்கொள்ளலாம் என்று 1994இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நெடுநாள் சிகிச்சை கொடுத்தவர் என்பதற்காகவே ஒரு மருத்துவருக்குக் கூடுதல் மதிப்புத் தரவேண்டும் என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ஏற்கவில்லை. 2008இல் நியெவெஸ்-ரோட்ரிகஸ் வழக்கில் படைவீரர் நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. கோப்பைப் படித்தவர் என்பதால் மட்டும் அரசு மருத்துவரின் கருத்து மேலானதாகிவிடாது. கருத்தின் மதிப்பு அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இருக்கிறது.

தனியாரா, அரசா, கம்பெனியா என்ற கேள்வியை இந்த மூன்று நாட்டு அனுபவமும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறது. என்ன கண்டார், எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தார், வேறு காரணத்தை ஏன் ஒதுக்கினார் என்று எழுதும் மருத்துவர் யார் பணத்தில் வந்தாலும் அவரைச் சோதித்துப் பார்க்க முடியும். எழுதாதவரைச் சோதிக்க வழியில்லை.

சோதித்து எடுத்த உடல்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தொழிலாளியும் பரிசோதிக்கப்பட்டே வேலை அனுமதிச் சீட்டுப் பெறுகிறார். தொற்று நோய்களைத் தேடும் பரிசோதனைதான் அது, முதுகுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை. படையில் சேர்வதற்கான சோதனையோடு அதைச் சமமாக வைக்க முடியாது. ஆனாலும் வேலைக்குத் தகுதியானவர் என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட்டே அவர் உள்ளே வருகிறார். பல ஆண்டு கனமான வேலை செய்கிறார். பிறகு ஒரு நாள் விழுகிறார். அன்று அவருடைய வலியைப் பழைய தேய்மானம் என்று சொல்பவர், அந்தப் பழமையைக் காட்டும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. விபத்து வேலையால் நடந்தது என்ற சட்டத்தின் அனுமானத்துக்கு, மருத்துவ அறிக்கைக்குள்ளும் மரியாதை கொடுங்கள் என்பதுதான் அது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. முதல் நாள் குறிப்பு சரியாக எழுதப்பட்டால் பாதிச் சர்ச்சை பிறக்கவே பிறக்காது. எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது பல நேரம் பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர். தொழிலாளிக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. 'தளத்தில் விழுந்தார்' என்பது 'விழுந்தார்' என்று சுருங்கும். ஆறு மாதம் கழித்து, விடுதியில் விழுந்திருப்பார் என்று யாராவது சொல்ல அந்த ஒரு சொல்லின் இடைவெளி போதும். அன்றைக்கே எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு பின்னால் எழுதும் எந்த விரிவான அறிக்கைக்கும் வராது. அதனால்தான் தாமதமாகத் தேடிப்போகும் தனியார் நிபுணரால் எவ்வளவு திறமை இருந்தும் ஓரளவுக்கு மேல் உதவ முடிவதில்லை. அவர் காண்பது ஆறிப்போன தழும்பு.

ஒரு நல்ல அறிக்கையில் இருக்கவேண்டியவை அதிகமில்லை. முதலில் பார்த்த தேதி, நோயாளி சொன்னது, எந்த மொழியில், யார் மூலம் கேட்டது, அவர் செய்யும் வேலை என்ன, கண்டதும் அளந்ததும், விபத்தோடு அதைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும் காரணம். தேய்மானம் என்று எழுதினால் விபத்து அதை முற்றவைத்ததா என்ற அடுத்த வரியும் வேண்டும். தொழிலாளியின் பக்கமும் கடமை உண்டு. அடிபட்ட அன்றே மருந்தகம் போகவேண்டும், எங்கே எப்படி விழுந்தோம் என்பதைத் தானே சொல்லவேண்டும், ஒவ்வொரு சீட்டையும் படம் பிடித்து வைக்கவேண்டும். ஓராண்டுக்குள் இழப்பீடு கோரவேண்டும். சம்பளச் சீட்டுகளைத் தொலைக்கக் கூடாது. 2016 ஏப்ரல் முதல் அவற்றைக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை.

கோரிக்கை முடியும்வரை காத்திருப்பது சுலபமில்லை. வேலை அனுமதி ரத்தாகி, தற்காலிகமாகத் தங்க 'ஸ்பெஷல் பாஸ்' வாங்கியவர்கள் பொதுவாக வேலை செய்யக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்காக 'டிடபிள்யூசி2' என்ற புலம்பெயர் தொழிலாளர் உதவி அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டை மையமாக வைத்து இலவச உணவு தந்து வந்திருக்கிறது. சோறு போடும் இடத்திலேயே கோப்பைப் படித்து விளக்கவும் ஆட்கள் வேண்டியிருக்கிறது. பசியும் புரியாத தாளும் சேர்ந்துதான் பலரைக் குறைந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போட வைக்கின்றன.

மருந்தகத்தில் தொலைபேசி வழியாகவாவது ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், மேற்பார்வையாளர் வெளியே நிற்கும் ஐந்து நிமிடம், நோயாளி சொன்னதை அவருக்கே திருப்பிப் படித்துக்காட்டும் ஒரு வரி: இந்த மூன்றும் கிடைத்தால், பின்னால் மூன்று நிபுணர்கள் கூடித் தீர்க்கவேண்டிய பல சந்தேகங்கள் முதல் நாளே தீரும். அதுவரை, பூன் லே நிலையத்தில் பிளாஸ்டிக் உறையோடு வருபவரிடம் நாம் கேட்கும் கேள்வியையாவது மாற்றிக்கொள்வோம். எத்தனை பாயிண்ட் என்பதற்கு முன்னால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்போம். அவருக்குப் படித்துச் சொல்வோம். தன் உடலைப் பற்றித் தாளில் இருப்பது என்ன என்று தெரிந்தவர்தான் அது தவறு என்று சொல்லவும் முடியும்.